பதினாறு நாள் திருத்தம்

சட்டசபையில் பேசப்போகிற எதையும் நல்லபெருமாள் முதலில் தன் மனைவி உலகம்மாளிடம் பேசிக் காட்டிவிடுவார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சபாநாயகர் முகத்தைப் பார்த்தும் சொல்லக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். நாலு முறை ஜெயித்து, பத்தொன்பது வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தும் அதை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. அவள் காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்பாள். சரியில்லாத இடம் வந்தால் கை நின்றுவிடும். அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவார்.

அன்று காலை எம்.எல்.ஏ. விடுதியின் எட்டாவது மாடி அறையில் உலகம்மாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே டிரைவர் இல்லாத பஸ்கள் சத்தமே இல்லாமல் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நல்லபெருமாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தை எடுத்தார். சபையில் காகிதம் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். இளவட்ட உறுப்பினர்கள் அவருக்குப் 'பிரேக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. "பிரேக்கு இல்லாத வண்டியில நீ ஏறுவியா தம்பி?" என்பார்.

மறுநாள் வரப்போவது துயர் தணிப்புச் சட்ட முன்வடிவு. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆறுதல் ஊசி என்பார்கள். செத்தவரைப் பற்றிய நினைவு அப்படியே இருக்கும். நினைத்தால் நெஞ்சை அடைக்கிற அடைப்பு மட்டும் போய்விடும். இதுவரை பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் வசதியுள்ளவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் சாவு விழுந்த மூன்று நாளுக்குள் அரசாங்க நர்சு வீட்டுக்கே வந்து, வேண்டும் என்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகப் போடுவார். இதுதான் சட்டம். மனசாட்சி சம்பந்தப்பட்டது என்று எல்லாக் கட்சிகளும் கொறடா உத்தரவு இல்லாமல் விட்டிருந்தன. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நடுவில் இருபது பேர், நல்லபெருமாள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

"துக்கம் என்பது இறந்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதை," என்று அவர் படித்தார். "மூன்றாம் நாளே அதைத் துடைத்து எடுத்துவிட்டால், போனவரை நினைத்து வாட இந்த உலகத்தில் யார் மிச்சம்? தாங்க முடியாது என்கிறார்கள். மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, தாங்க முடியும். என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் ஒரே மகனை இழந்தேன். அவனைப் பெற்ற தாய், எந்த ஊசியும் மருந்தும் இல்லாமல், அந்தப் பாரத்தைச் சுமந்து நிமிர்ந்து நிற்கிறாள்."

சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பார்த்தார்.

அவள் கை நிற்கவில்லை. நார் உரிந்து வந்துகொண்டே இருந்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பயந்து உரித்தாள்.

"சரியா இருக்கா உலகு?"

"காப்பி ஆறுது, குடிங்க," என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, மகன் சங்கரலிங்கம் போன நாற்பதாம் நாள், தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் தேவை, பெயர் வெளியே வராது என்று ஒரு அறிவிப்பு வந்திருந்தது. அப்போது அவள் சாப்பிட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கிணற்றடிக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு நாள் அப்படி நின்றபோது, எதற்கு வந்தோம் என்று மறக்கவில்லை. அன்றைக்குத்தான் பஸ் ஏறினாள்.

"மகனை மறந்துருவேனா டாக்டர்?" என்று கேட்டாள்.

"மறக்க மாட்டீங்கம்மா. அவர் என்ன சட்டை போட்டிருந்தார்ங்கிறதுகூட ஞாபகம் இருக்கும். குத்தாது. அவ்வளவுதான்."

"அப்புறம் வேணும்னா திரும்ப வருமா?"

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வலி திரும்ப வேண்டும் என்று யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. "வராதும்மா," என்றார்.

ஒரு ஊசி, முக்கால் மணி நேரம் தலையில் ஒரு தொப்பி. எழுந்து வெளியே வந்தவளுக்குப் பசித்தது. ஆஸ்பத்திரி எதிரில் இருந்த கடையில் நாலு இட்லி சாப்பிட்டாள். நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சமைத்தாள், துவைத்தாள், கோலம் போட்டாள். 'உங்க வீட்டம்மா எவ்வளவு தைரியமானவங்க' என்று ஊரே சொன்னது. நல்லபெருமாளும் அப்படியே நினைத்தார். அவர் மனசு திடம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். முதல் வருஷத் திதியன்று உளுந்து அரைக்கும்போது தன்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அவர் நின்றிருந்தார். குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்து விட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறமும் அடிக்கடி அப்படி ஓடும். வயசாகிவிட்டது, ஒரு டாக்டரைப் பாருங்களேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

காப்பி முடியும்போது லிஃப்ட் கதவு திறக்கும் சத்தமும் சுடலைமுத்துவின் திட்டும் ஒன்றாகக் கேட்டன. சுடலைமுத்து நல்லபெருமாளின் உதவியாளர். தொகுதிக்காரர்.

"யாரைப் பார்க்க வந்தீர்கள்னு இந்த லிஃப்ட்டு நாலு மட்டம் கேக்குது அண்ணாச்சி. பதினஞ்சு வருஷமா ஏறி இறங்குதேன். ஒரு மனுசன் மூஞ்சி அதுக்கு மனசுல நிக்க மாட்டேங்கு."

"நீங்களும் பதினஞ்சு வருஷமா அதைத்தான் திட்டுதீங்க. அதுக்கும் கோபம் இருக்கும்ல," என்றாள் உலகம்மாள்.

"சரிதான் மதினி, மிஷினுக்கு ஏத்துக்கிட்டுப் பேசுங்க." சுடலைமுத்து பின்னால் திரும்பிக் கூப்பிட்டார். "வாம்மா, உள்ள வா. நம்ம பனையடிப்பட்டிப் பிள்ளை அண்ணாச்சி. ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வந்திருக்கு."

இருபத்தைந்து, இருபத்தாறு வயசுப் பெண். இடுப்பில் எட்டு மாசக் குழந்தை. குழந்தை அவள் தோளைப் பிடித்திருந்தது. அவள் கை குழந்தையைப் பிடித்திருந்ததாகவே தெரியவில்லை, ஏதோ மூட்டையைத் தாங்குகிற மாதிரி இருந்தது.

"ஐயா, நான் ஜெபக்கனி. ரெண்டு மாசத்துக்கு முந்தி வீட்டுக்கு வந்தீங்க."

"தெரியும்மா. ஷைனி. அஞ்சு வயசு, காய்ச்சல்," என்றார் நல்லபெருமாள்.

தொகுதியில் சாவு விழுந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம் என்பது அவருடைய இன்னொரு சட்டம். மந்திரி கூப்பிட்டாலும் சரி, முதலில் துக்க வீடு. அவர் பக்கத்து வழக்கப்படி செத்தவரின் வீட்டு ஆண்கள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டியபடி உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் அந்தக் கையைத் தொட்டுவிட்டு எதிரே உட்கார வேண்டும். எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லி முடிக்கிறவரை கேட்க வேண்டும். பிறகு எழுந்து, போய்ட்டு வாரேன் என்று சொல்லாமல் வெளியேற வேண்டும். துக்க வீட்டுக்குத் 'திரும்ப வாரேன்' என்று யாரும் சொல்லக் கூடாது. பத்தொன்பது வருஷத்தில் இப்படி எத்தனை வீடுகள். ஒவ்வொரு பெயரும் அவருக்கு நினைவிருக்கும்.

"எந்திரிக்க முடியல ஐயா," என்றாள் ஜெபக்கனி. அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள். "இவன் அழுதா காதுல விழுது. பால் குடுக்கணும்னு தெரியுது. கை வர மாட்டேங்குது. மாமியார்தான் புட்டிப்பால் குடுக்காவ. நாளைக்குச் சட்டம் வந்துட்டா எனக்கும் ஊசி கிடைக்கும்னாங்க. ரெண்டு மாசம் ஆனவங்களுக்கும் போடச் சொல்லி, நீங்க ஒரு வார்த்தை பேசுனா போதும்னாங்க."

"வீட்டுக்காரர் எங்கம்மா இருக்கார்?"

"தோஹால. தினமும் போன் பண்ணுவாவ. ரெண்டு பேரும் அவளைப் பத்தி மட்டும் பேச மாட்டோம்."

நல்லபெருமாள் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தார். "உன்னை ஏமாத்த மாட்டேன்மா. நான் அந்தச் சட்டத்துக்கு எதிராத்தான் பேசப்போறேன். துக்கத்தை ஊசி போட்டு எடுத்துட்டா, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

"அவளுக்கு நான் இருக்கேன் ஐயா. இவனுக்கு யாரு இருக்கா?"

சுடலைமுத்து தரையைப் பார்த்தார்.

நல்லபெருமாள் மனைவி பக்கம் கையைக் காட்டினார். "எனக்கும் தெரியும்மா அந்தக் கஷ்டம். இந்தா நிக்காளே, இவ என் பொண்டாட்டி. ஒத்தைப் பிள்ளையை வாரிக் குடுத்தவ. அவ தாங்கலையா? உன்னாலயும் முடியும். இவளைப் பார்த்துட்டுப் போ."

ஜெபக்கனி உலகம்மாளைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். சாமி முன்னால் நிற்கிற மாதிரி பார்த்தாள்.

உலகம்மாள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் தோசை சுட்டுக் கொடுத்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கரண்டியால் பால் புகட்டினாள். குழந்தை கரண்டியைக் கடித்தது. ஜெபக்கனி ஒரு துண்டு தோசையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா தாங்குனீங்க?"

"தாங்கலை," என்றாள் உலகம்மாள். "என்னால தாங்க முடியல."

ஜெபக்கனி அதைத் தன்னைத் தேற்றச் சொன்ன சொல்லாக எடுத்துக்கொண்டாள். இவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உலகம்மாளுக்கு அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூசியது.

அவள் ஒன்றும் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. ஆனால் இந்தப் பெண் இன்று ரயிலேறிப் போய், நம்மால் மட்டும் ஏன் முடியவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு கிடப்பாள். தன் வீட்டுக் கிணறு எத்தனை அடி என்று என்றைக்காவது எட்டிப் பார்ப்பாள்.

"சாயங்காலம் ரயில் ஏறாத," என்றாள். "நாளைக்கு ஓட்டு முடியுற வரைக்கும் இரு. சுடலை கீழ பெண்கள் அறையில இடம் வாங்கிக் குடுப்பாரு."

விளக்கு வைக்கிற நேரத்தில் கணவரிடம் சொன்னாள். அவர் மறுநாளுக்கு வேட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாட்சி வரியை எடுத்துருங்க."

"ஏன்? காலையில ஒண்ணும் சொல்லலையே."

"நான் ஊசி போட்டிருக்கேங்க."

"என்ன ஊசி?" என்றார். பிறகு வேட்டியைக் கட்டிலில் வைத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கச்சி வீடு, பஸ், தொப்பி, நாலு இட்லி. இட்லியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் விட மனசு வரவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். துக்க வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

"இப்ப வலிக்கலையா?"

"இல்லங்க."

"அவன் பேரைச் சொன்னா?"

"சிரிப்பு வருது. ஒம்பதாவது படிக்கையில உங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மாண்புமிகு அம்மா அவர்களே, எனக்கு இன்னொரு தோசை ஒதுக்கீடு செய்ய வேண்டும்னு நின்னானே, அதுதான் ஞாபகம் வருது."

அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வராமல் நின்றுவிட்டது.

"அப்ப ஆறு வருஷமா நான் மட்டும்தானா உலகு?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். செத்துப்போயிருப்பேனே, அதற்கு இது மேல் இல்லையா என்று கேட்டிருப்பாள். அவரோ, தெரியாத ஊரில் கடைசி பஸ்ஸை விட்டவர் மாதிரி கேட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கல்லு மாதிரி இருக்கிறாளே, அவள் எதிரில் உடையக் கூடாது என்று இந்த மனுஷர் ஆறு வருஷமாகக் குழாயைத் திறந்து விட்டு அழுதிருக்கிறார். சேர்ந்து தூக்கின ஒன்றை அவள் சொல்லாமல் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். முழுப் பாரமும் அவர் தோளில் இறங்கியது அவருக்கே தெரியவில்லை. இதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததே தவிர, நெஞ்சு அடைக்கவில்லை. மகன் விஷயத்தில் அது இனி அடைக்காது.

மறுநாள் காலை அவர் பேச்சைப் படித்துக் காட்டவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை. டைரியை எடுத்து முதல் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். வருஷா வருஷம் புது டைரி வந்ததும் அந்தப் பக்கத்தில் தன் சட்டங்களை அவர் கையால் எழுதிவிடுவார். ஒரே வரிகள், ஒரே வரிசை. கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். என் வீட்டில் புழங்குவதை அடுத்த வீட்டுக்கு மறுக்கக் கூடாது. மின்சாரத்திலிருந்து மருந்துவரை அந்த ஒரு வரியால் அவர் எத்தனையோ முறை கை தூக்கியிருக்கிறார், கை இறக்கியிருக்கிறார்.

"என்ன பேசப்போறீங்க?"

"தெரியலை," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

உலகம்மாள் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்தில் ஜெபக்கனி, மடியில் குழந்தை. கீழே அவர் எழுந்தபோது கையில் காகிதம் இல்லை. எதிர் வரிசையில் யாரோ, "பிரேக்கு பிடிக்கப் போறார்," என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேச எழுதி வைத்திருந்தேன்," என்றார். "அதில் ஒரு வரி உண்மை இல்லை என்று நேற்றுத் தெரிந்தது. அதனால் மொத்தத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் இந்த முன்வடிவை ஆதரிக்கிறேன்."

அந்த இருபது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனால் இரண்டு திருத்தம் கேட்கிறேன். மூன்று நாளுக்குள் என்பதை எடுத்துவிட்டு, பதினாறு நாளுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் என்று போடுங்கள். இது முதல் திருத்தம்."

சுகாதார அமைச்சர் எழுந்தார். மருத்துவம் படித்த அம்மையார், பொறுமையானவர். "உறுப்பினர் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் கடந்தால் மருந்து சரியாக வேலை செய்யாது என்று நிபுணர் குழு சொல்கிறது."

"நாற்பதாம் நாள் போட்டு வேலை செய்திருக்கிறது அம்மா."

"எங்கே? எந்த ஆய்வில்?"

"என் வீட்டில்," என்றார் நல்லபெருமாள்.

உலகம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஜெபக்கனி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். தாங்கலை என்று சொன்னதன் அர்த்தம் இப்போது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அந்த ஊசி இல்லாவிட்டால் என் வீட்டில் இன்னொரு சாவு விழுந்திருக்கும். அதனால் அதை யாருக்கும் மறுக்க எனக்கு உரிமை இல்லை. பதினாறு நாள் எதற்கு என்று கேட்பீர்கள். சிலர் மூன்று நாள் வைக்கிறார்கள், சிலர் நாற்பது நாள் வைக்கிறார்கள். நான் நடுவில் ஒன்றைக் கேட்கிறேன். அந்த நாட்களில்தான் ஊரார் வந்து உட்காருகிறார்கள். வருகிறவர்கள் கேட்க வேண்டும், இருக்கிறவர்கள் சொல்ல வேண்டும். அதற்குள் துடைத்துவிட்டால் வருகிறவர்கள் யாரிடம் கேட்பது? பதினாறு நாளில் மருந்து முழுசாகப் பிடிக்காமல் போகுமென்றால், போகட்டும். கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்."

"இரண்டாவது திருத்தம்?" என்று சபாநாயகர் நினைவூட்டினார்.

"போட்டுக்கொள்கிறவர், அதே சாவுக்கு அழுகிற இன்னொருவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அனுமதி கேட்க வேண்டாம். சொன்னால் போதும்." காகிதம் இல்லாத தன் கையை ஒரு முறை பார்த்தார். "இல்லாவிட்டால், தன்னோடு சேர்ந்து அழ ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அந்த இன்னொருவர் தனியாக இருப்பார்."

அவர் மாடத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து, ஓட்டெடுப்பு வந்ததும், ஓட்டைப் பதிகிற மேசைக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். மற்றவர்களின் கைகளும் ஒவ்வொன்றாகக் கண்ணாடிகளில் பதிந்தன. இரண்டு திருத்தங்களோடு சட்டம் நிறைவேறியது.

படியிறங்கும்போது ஜெபக்கனி உலகம்மாளின் கையைப் பிடித்தாள். "அவ்வோகிட்டதான் மொதல்ல சொல்லணும்," என்றாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று தோஹாவுக்குப் போன் போட்டாள். "ஏங்க, ஷைனியைப் பத்தி ஒண்ணு பேசணும்," என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டதோ, அப்படியே மரத்தில் சாய்ந்துகொண்டாள். இரண்டு மாசத்தில் முதல் முறையாக அழ ஆரம்பித்தாள். குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. அவள் கை தானாக எழுந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டது. உலகம்மாள் சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். அந்தப் பெண் ஊசி போட்டுக்கொள்வாளோ மாட்டாளோ, அது அவர்கள் இரண்டு பேர் பாடு.

நல்லபெருமாள் மதியம் மூன்று மணிக்கு அறைக்கு வந்தார். காலையில் ஆக்கிய சோற்றை அவள் போட்டுக் கொடுத்தாள். மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

"உன்னை நாலு பேர் முன்னால சொல்லிட்டேன்."

"பேர் சொல்லலையே."

"என் வீட்டுல வேற யாரு இருக்கா?"

"சுடலைமுத்துன்னு நினைச்சுக்கிடுவாங்க," என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடேயே கைகழுவப் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பு வடிந்துவிட்டது. அவள் அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றாள். தன்னால் இனி அழ முடியாது. கூட அழ ஒரு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டால் கொடுக்க இவளிடம் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

சங்கரலிங்கம் போனபோது வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. மந்திரிகள் வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் இவர் நீட்டிய கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்து எழுந்து போனார்கள். எப்படி ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. காற்றாலைக் கோபுரத்தில் பழுது பார்க்க ஏறியவன் விழுந்தது எல்லாருக்கும் டி.வி.யிலேயே தெரிந்திருந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

உலகம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கதவைத் திறந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே வந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி எதிரே உட்கார்ந்தார். இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்து நீண்டன. அவள் தொட்டாள்.

"எப்படி ஆச்சு?"

அவர் உதடு இரண்டு முறை அசைந்தது. மூன்றாம் முறை குரல் வந்தது.

"அதுக்கு முந்தின மாசம் என்கிட்ட வந்தான். அப்பா, உயரத்துல ஏறுனா தலை சுத்துது, கீழ ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, உங்க லெட்டர் பேடுல ரெண்டு வரி எழுதிக் குடுங்கன்னான்."

இது உலகம்மாளுக்குத் தெரியாது. மகன் அவளிடம் தலைசுற்றலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. டைரியைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டுனேன்."

அந்தப் பக்கத்தின் முதல் வரியும் அவளுக்கு மனப்பாடம். சொந்த வீட்டுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதக் கூடாது.

"அவன் படிச்சான். சிரிச்சான். சரிப்பா, பழகிரும்னுட்டுப் போனான்." அவர் நீட்டிய கைகளை இன்னும் மடக்கவில்லை. "ஊர்ல எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு வரி."

உலகம்மாளுக்கு வலிக்கவில்லை. மகன் சிரித்தது தெரிந்தது. எந்தப் பல் கொஞ்சம் வளைந்திருக்கும் என்பதுகூடத் தெரிந்தது. பழைய உலகம்மாளாக இருந்திருந்தால் இந்த இடத்தில் எழுந்திருப்பாள். இந்த மனுஷர் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று அந்த நாற்பது நாளிலேயே போயிருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்லவில்லை. அந்த வலி இருந்தவளால் இதைக் கேட்டிருக்க முடியாது. அது இல்லாதவள் இப்போது எதிரே உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டாள்.

"வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றாள், வெளியாள் கேட்பதுபோல.

"இல்லை. சொன்னா போயிருவா."

"போக மாட்டா," என்றாள்.

துக்க வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. அவர் கைகளை இன்னொரு முறை தொட்டாள். எழுந்தாள். வாரேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

தாழ்வாரத்தில் லிஃப்ட்டோடு சண்டை போட்டுவிட்டு சுடலைமுத்து கையில் பைல்களோடு வந்தார். "அண்ணாச்சி உள்ள இருக்காவளா மதினி? ரெண்டு கையெழுத்து."

"கொஞ்சம் பொறுங்க."

"தூங்குதாவளா?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் உடைந்து, அடங்கி, மறுபடி உடைந்தது. சுடலைமுத்து பைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். உலகம்மாள் காதைக் கதவில் வைத்துக் கேட்டாள்.

குழாய் ஓடவில்லை.